முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்

1

இந்தக் கதை நான் எழுதிய ஒரு மன்னிப்பிலிருந்து வந்தது. இரண்டே வரி. கேட்டிருக்கவே கூடாத மன்னிப்பு. அதைத் தட்டி அனுப்ப எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்தக் கதையை நாலு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கொடைக்கானலிலிருந்து வில்பட்டி போகும் சாலையில் எங்கள் வீடு. கீழே நாங்கள் இருக்கிறோம்: நான் ஸைமா, என் வீட்டுக்காரர் சஜ்ஜாத், மகள் ஆஃப்ரா. மாடியில் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டே என்று வாடகைக்கு விடுகிறோம். சஜ்ஜாத்துக்கு பஜாரில் ஸ்வெட்டர் கடை. மாடியைப் பார்த்துக்கொள்வது என் சோலி. இடைப்பட்ட நேரத்தில் கதை எழுதுவேன். மூன்று அச்சில் வந்திருக்கின்றன.

சித்திரையில் வந்து தங்கிப் போன ஒருவர், அறை பதிவு செய்த தளத்தில் இப்படி எழுதியிருந்தார்: “இடம் அழகு. சாப்பாடு அருமை. ஆனால் பக்கத்து வீட்டில் காலையிலிருந்து ஒரே அழுகைச் சத்தம். உரிமையாளர் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். மூன்று நட்சத்திரம்.”

பக்கத்து வீட்டில் அன்று காலை ராமர் மாமா இறந்துபோயிருந்தார்.

முன்கூட்டியே!

[இதற்குப் பிறகு ஆறு வரி வசவு எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். வேண்டுமென்றால் நீங்கள் திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அவசரப்பட வேண்டாம், நானும் வரிசையில் நிற்கிறேன்.]

நான் எழுதிய பதில் இது: “தடங்கலுக்கு வருந்துகிறோம். அடுத்த முறை முன்கூட்டியே தெரிவிக்கிறோம்.”

2

“மூடுபனி மெல்ல விலகியபோது ராமரின் வீட்டு முற்றத்தில்—”

இல்லை. அன்று பனியே இல்லை. ஆறு மணிக்கே வெளிச்சம் பளிச்சென்று இருந்தது. கொடைக்கானல் கதை என்றால் பனி இருந்தாக வேண்டும் என்று வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துக் கொடுத்து அந்தப் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது.

“ராமர் நல்ல மனிதர்.”

இதுவும் ஆகாது. செத்த மறுநாள் யாரும் நல்ல மனிதர்தான். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மாமா பூண்டும் கேரட்டும் போடுபவர். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கம்பிவேலி, அதில் ஆள் நுழைகிற அளவு ஒரு சந்து. காட்டுமாடு சாலைக்கு வந்து நின்றால் வேலியோரம் வந்து, “ஸைமா, கதவத் தெறக்காத, மேல இருக்கவுகளையும் எறங்க வேணாம்னு சொல்லு” என்று குரல் கொடுப்பார். பீடி குடிப்பவர். நோன்பு மாதம் முழுவதும் எங்கள் பக்கம் நின்று குடிக்க மாட்டார். வீட்டுக்குப் பின்னால் போய்விடுவார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. பதினோரு வருடம் கவனித்த பிறகுதான் எனக்கே அது புரிந்தது.

இறப்பதற்கு முன் அவர் யாரையும் எதையும் கேட்டதில்லை என்று ஒரு வாக்கியம் எழுதினேன். அது பொய். குடம், ஏணி, ஜலதோஷ மாத்திரை எல்லாம் கேட்பார். நாங்களும் கேட்போம். பக்கத்து வீடு என்றால் அதுதானே.

3

அன்று வெள்ளனே எழுந்து காயப்போட்ட பூண்டைப் புரட்டிவிடப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். மகன் அஜித்குமார் சொந்தமாக ஜீப் ஓட்டுகிறான். அவன் வண்டியைத் திருப்புவதற்குள் முடிந்துவிட்டது. மாமாவின் மனைவி ராக்காயி அத்தையின் முதல் சத்தம் கேட்டபோது நான் மாடி ஆட்களுக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்சியை நிறுத்திவிட்டு ஓடினேன்.

சஜ்ஜாத் கடை திறக்கவில்லை. நாற்காலி, ஷாமியானா எல்லாவற்றுக்கும் அவர்தான் அலைந்தார். ஒன்பது மணிக்குக் கொட்டடிப்பவர்கள் நாலு பேர் வந்து சேர்ந்தார்கள். மூத்தவர் பெயர் சின்னக்கருப்பன். தீ மூட்டி, தோலைக் காயவைத்து, சத்தம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

அந்த இரண்டு தட்டு மாடிக்குக் கேட்டிருக்கிறது.

4

மாடியில் இருந்தது கணவனும் மனைவியும். சமவெளியில் ஒரு பெரிய ஊர். காலைச் சாப்பாடு எடுத்துவைக்க நான் வீட்டுக்கு வந்த நேரம், அவர் படியில் பாதி இறங்கி நின்றார்.

“மேடம், சாரி. டெத்துன்னு புரியுது. பத்துலேர்ந்து பதினொன்னு வரைக்கும் எனக்கு ஒரு வீடியோ மீட்டிங். அந்த ட்ரம்ஸை மட்டும் கொஞ்சம் லேட்டா ஆரம்பிக்கச் சொல்ல முடியுமா? அழறதை நான் சொல்லல.”

குரலை உயர்த்தவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார். அழுவதற்கு அனுமதியும் கொடுத்துவிட்டார். எனக்கு இன்றுவரை கொதிப்பது அந்த மரியாதைதான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

[இந்த இடத்தில் என் வாயில் நல்ல வசனங்கள் வைத்துப் பார்த்தேன். “சார், அங்கே கிடப்பது ஒரு மனிதர்” என்று ஒன்று. “பையைக் கட்டுங்கள்” என்று ஒன்று. எழுதும்போது உடம்பு சிலிர்த்தது. நடந்தது கீழே இருக்கிறது.]

“கேட்டுப் பாக்குறேன் சார்” என்றேன்.

5

வேலிச் சந்து வழியாகப் போனேன். அத்தை என்னைப் பார்த்ததும் இழுத்து அணைத்துக்கொண்டார். உங்க மாடிக் குழாய் ஒழுகுதுன்னு நேத்துச் சொன்னாகளே, இன்னைக்கு வந்து பாக்குறேன்னாகளே என்று என் தோளில் முகம் வைத்து அழுதார். நானும் அழுதேன். அது நிஜமான அழுகை. அழுதுகொண்டே கண்ணால் அஜித்குமாரைத் தேடினேன். அதுவும் நிஜம்.

அவனை மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னேன். அவனுடைய ஜீப்புக்கு வரும் சவாரியில் பாதி எங்கள் மாடியிலிருந்து போவது. அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். அழுது வீங்கின கண்ணோடு மாடியை ஒரு தரம் பார்த்தான்.

“ஒரு மணி நேரந்தானக்கா? சரி.”

அவன் போய்ச் சொன்னபோது சின்னக்கருப்பன் ஏன் என்று கேட்கவில்லை. பறையை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்.

“அப்ப பதினோரு மணிக்குத்தான் எறந்தாருன்னு வச்சுக்கிருவோம்” என்றார்.

சஜ்ஜாத் இரண்டு முறை வந்து, கொட்டு ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று என்னிடம் விசாரித்தார். தெரியாது என்றேன்.

இதோடு போயிருந்தால் இந்தக் கதை என் மனசாட்சியோடு முடிந்திருக்கும். அதற்கெல்லாம் கதை எழுத வேண்டியதில்லை. பத்தரைக்கு வடகவுஞ்சியிலிருந்து மாமாவின் தங்கை விசாலாட்சி வந்து இறங்கினார்.

[எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு: கூடப்பிறந்தவள் வந்தால் கொட்டு சாலை முனை வரைக்கும் போய் எதிர்கொண்டு அழைத்துவர வேண்டும். அது அவளுக்குரிய மரியாதை. புருஷன், பிள்ளைகள், ஊர், எல்லார் கண் முன்னாலும் நீ இந்த வீட்டில் பிறந்தவள் என்று சொல்வது.]

மாலையைக் கையில் ஏந்தியபடி அந்த அம்மாள் வளைவில் நின்றார். கூட வந்த பத்துப் பேரும் நின்றார்கள். கொட்டுக்காரர்கள் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரிந்தது. அஜித்குமார் தலையைக் குனிந்துகொண்டான். நான் எங்கள் மாடியைப் பார்த்தேன். ஜன்னலில் அவர் காதில் ஹெட்போனோடு கையை அசைத்து அசைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் அந்த அம்மாளே நடந்து வந்தார். முற்றத்தில் நுழைந்ததும் அண்ணனிடம் போகவில்லை. நேராக ராக்காயி அத்தை முன்னால் வந்து நின்றார்.

“எங்கண்ணன் போனதும் நான் வேண்டாதவளாப் போயிட்டேனா மதினி?”

அத்தைக்கு எதுவும் புரியவில்லை. கொட்டு அடிக்கவில்லை என்பதே அப்போதுதான் அவருக்கு உறைத்தது. யாரைக் கேட்பது என்று சுற்றிலும் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

பதினோரு மணிக்குக் கொட்டு ஆரம்பித்தது.

6

அந்த மனைவியை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. கொட்டுச் சத்தம் கேட்டுக் கீழே வந்தவர், யார் இறந்தது என்று கேட்டார். போய்ப் பார்க்கலாமா, தப்பாக நினைக்க மாட்டார்களே என்றார். செருப்பை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு, சந்து வழியாகப் போய் மாமாவின் கால்மாட்டில் கைகூப்பி நின்றுவிட்டு வந்தார். பாதத்தில் முள் குத்தியிருந்தது.

முதல் மூன்று வரைவுகளில் இவர் இல்லை. என் கோபத்துக்கு இவர் இடைஞ்சலாக இருந்தார். நீக்கியதும் கதை கச்சிதமாக வந்தது: மேலே கெட்டவர்கள், கீழே நல்லவர்கள், நடுவில் பாவப்பட்ட நான். அப்படி வந்ததும் எனக்கே அருவருப்பாகிவிட்டது. அதனால் திரும்பச் சேர்த்தேன்.

“இப்பத்தான் ஆரம்பிக்கிறாங்களா?” என்று அவர் கேட்டார்.

ஆமாம் என்றேன். உங்கள் புருஷனைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

7

விசாலாட்சி அதன்பிறகு வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கும் வரவில்லை. நாத்தனாரை மதிக்காதவள் என்று ராக்காயி அத்தைக்குப் பெயராகிவிட்டது. முப்பது வருடம் அந்தக் குடும்பத்தை மடியில் கட்டிக்கொண்டு நடந்தவருக்கு. காரியம் முடிந்த அன்று சாயங்காலம் அது பொறுக்காமல் அஜித்குமார் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை அத்தை வந்தார். சந்து வழியாக அல்ல, சாலையைச் சுற்றி முன்வாசல் வழியாக. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“எங்கிட்ட கேட்டிருந்தா முடியாதுன்னுருப்பேன். அது தெரிஞ்சுதான அவங்கிட்டப் போய்க் கேட்ட?”

“ஆமா அத்தை.”

வேறு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவ்வளவுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. போய்விட்டார்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த சஜ்ஜாத் வெளியே வந்தார். தெரியாதுன்னு எங்கிட்டயும்தானே சொன்ன என்றார். இருபது நாள் அறைகளுக்குப் பூட்டுப் போட்டார். நான் தளத்தில் போய் என் பதிலை அழிக்கப் பார்த்தேன். அதற்கு வழியில்லை. வாடிக்கையாளருக்குப் பணிவாகப் பதிலளித்ததற்குப் பாராட்டு என்று ஒரு செய்தி மட்டும் வந்திருந்தது.

அந்த வாரமே நானும் சஜ்ஜாத்தும் வடகவுஞ்சி போனோம். விசாலாட்சி அம்மாள் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ராக்காயி அத்தைக்கு ஒன்றுமே தெரியாது, கேட்டது நான், செய்தது நான் என்றேன். அவர் பறிப்பதை நிறுத்தவில்லை.

“மீட்டிங்குன்னா என்ன பேசுவாக?”

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியாது.

“எங்கண்ணன விடப் பெரிய விசயமாத்தான் இருந்திருக்கும்” என்றார்.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் முப்பதாம் நாள் படையலுக்கு வந்தார். கொட்டு கிடையாதுதான் அன்றைக்கு. ராக்காயி அத்தை தானே சாலை வளைவு வரைக்கும் போய், கையைப் பிடித்து அழைத்துவந்தார். இரண்டு பேரும் எங்கள் வாசலைக் கடந்துதான் போனார்கள்.

8

முடிவுகள் என்னிடம் சில இருக்கின்றன.

ஒன்று: அத்தை என்னை மன்னித்துவிடுகிறார், வேலிச் சந்தில் மறுபடி கிண்ணங்கள் போய் வருகின்றன. நடக்கவில்லை. பார்த்தால், சாப்பிட்டாச்சா என்பார். ஆச்சு என்பேன். அதற்குமேல் இல்லை.

இன்னொன்று: நாங்கள் மாடியை மூடிவிடுகிறோம். அதுவும் நடக்கவில்லை. பூட்டுப் போட்ட இருபத்தோராம் நாள் சஜ்ஜாத்தே அதைத் திறந்தார். இப்போதும் மேலே ஆள் இருக்கிறது. வெந்நீர் கேட்டார்கள், கொடுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

[மூன்றாவதாக, அந்த மனிதர் எங்கேயோ தன் அப்பாவைப் பறிகொடுத்து, அடுத்த வீட்டுக்காரன் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்வதாக ஒரு— வேண்டாம். அப்படி ஆசைப்படக் கூடாது. ஆசைப்பட்டேன் என்பதை மட்டும் விட்டுவைக்கிறேன்.]

ஒரு பத்திரிகையில் கேட்டிருக்கிறார்கள், இதை அனுப்ப வேண்டும். பெயர்களை மாற்றலாம். ஆனால் இந்தச் சாலையில் யாருக்குத்தான் தெரியாது? அதனால் அனுமதி வாங்கிவிடுவோம் என்று நேற்று அஜித்குமாரைக் கூப்பிட்டுப் படிக்கக் கொடுத்தேன். ஜீப்பில் உட்கார்ந்தபடியே முழுதும் படித்தான். அவனைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினான்.

“போடுங்கக்கா, பரவால்ல” என்றான்.

வண்டி வளைவு திரும்பிப் போன பிறகுதான், மறுபடியும் அவனிடமே கேட்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

ராக்காயி அத்தை இப்போது கேரட் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருக்கிறார். சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிறார். நடந்தால் முப்பது அடி. அவருக்குப் படிக்க வராது. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்காட்ட வேண்டும், மாட்டுக்கொட்டகைப் பக்கம் நடந்தது உட்பட. வாசித்துவிட்டு, போடலாமா என்று கேட்க வேண்டும். முடியாது என்று அவர் சொன்னால் இந்தத் தாள்களை அடுப்பில் போட வேண்டும்.

நீங்கள் இதை இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஒன்று, அத்தை சரி என்றிருக்கிறார். இல்லையென்றால், இந்தமுறையும் நான் அவரிடம் கேட்கவில்லை.

எது என்று நான் சொல்லப்போவதில்லை. என்னை உங்களுக்கு இவ்வளவு தூரம் தெரியும். நீங்களே சொல்லுங்கள்.