ஆப்பிளைச் சுடாத கல்யாணம்

மத்தியானச் சங்கு ஊதியதும் கிரிவாச்சா ஊர்த் துப்பாக்கி ஆலையின் சாப்பாட்டுக் கூடம் நிரம்பிவிட்டது. ஸோர்க்கா இடது கையால் பீன்ஸ் சூப்பை அள்ளிக் குடிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. எதிரே இருந்த நெவெனா அவளுக்கு ரொட்டியைப் பிய்த்துப் போட்டாள்.

இருவரும் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதிகள். புதுத் துப்பாக்கிகளைச் சோதனைக் கூடத்தில் சுட்டுப் பார்ப்பது நெவெனாவின் வேலை. அவற்றைப் பெட்டியில் அடுக்குவது ஸோர்க்காவின் வேலையாக இருந்தது. போன இலையுதிர் காலத்தில், பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் யாரோ சந்தோஷம் தாங்காமல் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஸோர்க்காவின் தோளில் வந்து இறங்கியது குண்டு. அன்றிலிருந்து அவள் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறாள்.

சுட்டது யார் என்று ஊரில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் சொந்தக்காரன் பெயர் வந்துவிடுமே! "கை தவறிடுச்சு, பாவம்" என்று ஆளுக்கொரு கூடைப் பழத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

"ஞாயித்துக்கிழமை நீதான்டீ எனக்கு மணத்தோழி," என்றாள் நெவெனா.

"கோச்சுக்காதடீ, நான் வரலை. அன்னிக்கு நிலவறையில உருளைக்கிழங்கு மூட்டைக்குத் துணையா உக்காந்திருப்பேன். மாப்பிள்ளை வீட்டாளுங்க ஆப்பிளைச் சுடுவாங்க, உங்கப்பா வானத்தைச் சுடுவாரு. எனக்கு மிச்சம் இருக்கறது ஒரு கைதான்."

நெவெனா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். "ஒரு குண்டுகூட மேல போகாது. நான் பொறுப்பு."

"உங்கப்பாவுக்கா? நீயா?" ஸோர்க்கா சிரித்தேவிட்டாள்.

அவள் சிரித்ததில் தப்பில்லை. நெவெனாவின் அப்பா ராதிசாவ்தான் சோதனைக் கூடத்துக்குத் தலைவர். அந்த ஊரில் பெண் வீட்டு மரத்தின் உச்சியில் ஒரு ஆப்பிளைக் கட்டிவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதைச் சுட்டு வீழ்த்தினால்தான் பெண்ணை அனுப்புவார்கள். ஆப்பிள் விழும்வரை, விழுந்த பிறகும், இரண்டு வீட்டாரும் வானத்தைச் சல்லடையாக்குவார்கள். யார் வீட்டில் அதிகச் சத்தமோ அவர் பெரிய மனிதர்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நெவெனா பேச்சை எடுத்தாள்.

"துப்பாக்கி இல்லாத கல்யாணமா? அதுவும் என் வீட்லயா?" ராதிசாவ் கரண்டியை ஓங்கினார். "இந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டுனது அந்த ஆலை. உனக்குச் சோறு போட்டதும் அதுதான். ரொட்டிக் கடைக்காரன் வீட்டு விருந்துல ரொட்டி இல்லேன்னா ஊரு சிரிக்காதா?"

"ரொட்டி யார் தோளையும் துளைக்காதுப்பா."

"அது எவனோ குடிகாரப் பய பண்ணது. நாம துப்பாக்கி செய்யறவங்க. நம்ம கை தவறாது."

"அன்னிக்குச் சுட்டவனும் நம்ம ஆலைக்காரன்தானேப்பா?"

ராதிசாவ் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். 'நம்ம கை தவறாது' என்கிற நினைப்புதான் அந்த ஊரைப் பிடித்த நோய். தினமும் துப்பாக்கியோடு புழங்கிப் புழங்கி, அது தங்களிடம் வாலாட்டும் வீட்டு நாய் என்றே நம்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மனசு கேட்காமல் ஸோர்க்காவும் வந்துவிட்டாள். நீல உடுப்பு, தலையில் பூ, முகத்தில் மட்டும் ரத்தம் இல்லை. மாப்பிள்ளை ஓக்னென் ஆலைப் பேருந்தின் ஓட்டுநர். அதிலேயே உறவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு, அக்கார்டியன் வாசிக்கிறவனோடு வந்து இறங்கினான். அவனுடைய சித்தப்பா மிலோயே ஒரு மடக்குச் சாராயத்தை வாயில் ஊற்றிக்கொண்டு, வால்நட் மரத்து உச்சியைப் பார்த்து வேட்டைத் துப்பாக்கியைத் தூக்கினார். வாசலில் நின்ற ராதிசாவ் மட்டும் இளைத்தவரா? அவரும் தூக்கினார். முற்றமெங்கும் துப்பாக்கிகள் உயர்ந்தன.

மாடி அறையில் நெவெனாவின் கூந்தலைச் சரிசெய்துகொண்டிருந்த ஸோர்க்கா, ஜன்னல் கண்ணாடி வழியே அதைப் பார்த்ததும் சீப்பைப் போட்டுவிட்டு அலமாரிக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டாள். அவள் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. நெவெனாவுக்கு வந்த ஆத்திரத்தில் ஜன்னல் கதவு சுவரில் மோதித் திறந்தது.

"ஸ்தோய்!"

நில் என்று அர்த்தம். தெருவில் யார் சொன்னாலும் அது வெறும் வார்த்தை. ஆலையின் சோதனைக் கூடத்தில் அதுவே சட்டம். யார் கத்தினாலும், கூட்டிப் பெருக்குகிறவள் கத்தினாலும், அத்தனை துப்பாக்கியும் அந்தக் கணமே தரையைப் பார்க்க வேண்டும். தோட்டாவை எடுத்து, துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து காட்ட வேண்டும். தவறினால் வேலை போய்விடும்.

முற்றத்தில் துப்பாக்கி தூக்கியவர்கள் எல்லோரும் ஆலைக்காரர்கள்தான். வருஷக்கணக்காகப் பழகிய கைகள் இது கல்யாண வீடு என்று யோசிக்கவில்லை. படபடவென்று குழல்கள் தாழ்ந்தன. தோட்டாக்கள் புல்லில் உதிர்ந்தன. அக்கார்டியன் முனகி நின்றது. முதலில் தாழ்ந்தது ராதிசாவின் துப்பாக்கிதான்! திறந்த துப்பாக்கியை நீட்டியபடி, பழக்கதோஷத்தில் சோதனைக் கூடத்தில் கேட்கும் கேள்வியையும் கேட்டுவிட்டார்:

"யார் நிறுத்துனது? என்ன ஆபத்து?"

"நான் நிறுத்துனேன். குண்டு போற பக்கம் மனுஷங்க இருக்காங்க."

"எங்க?"

"ஊரு முழுக்க இருக்காங்கப்பா!"

ஸோர்க்கா மெல்ல எழுந்து ஜன்னலுக்கு வந்தாள். குரல் நடுங்கினாலும் வார்த்தை நடுங்கவில்லை.

"மாமா, கூடத்துல வெறும் மணல் மூட்டையைச் சுடறதுக்கு இத்தனை ஒழுங்கு பாக்கறீங்க. நாங்க என்ன மணலை விடக் கேவலமா?"

மிலோயே புல்லில் கிடந்த தோட்டாக்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "எல்லாம் சரிம்மா. ஆப்பிள் இறங்காம பொண்ணு எப்படி இறங்கும்?"

"சித்தப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றான் ஓக்னென். பேருந்தில் ஏறி, பின்னோக்கி எடுத்தான். வேலி முறிந்தது. முட்டைக்கோஸ் பாத்தி ஒன்று நாசமானது. நெவெனாவின் அம்மா அலறினாள். பேருந்து மரத்தடியில் போய் நின்றதும், புதுச் சட்டையோடு அதன் கூரைமேல் ஏறினான். அங்கிருந்து கிளைக்குத் தாவி, உச்சிக் கிளையை வளைத்து ஆப்பிளைப் பறித்தான். எல்லோரும் பார்க்க நறுக்கென்று ஒரு கடி கடித்தான்.

"இனிப்பா இருக்கு! இறங்கி வாம்மா!"

முற்றமே விசிலடித்தது. "சுடத் தெரியாத மாப்பிள்ளைன்னு கேலி பண்ணோமே, ஏறத் தெரிஞ்சவன்டா!" என்று மிலோயே குதித்தார். ஸோர்க்காவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு நெவெனா படியிறங்கினாள். அழுகையும் சிரிப்புமாக இருவருக்கும் முகம் நனைந்திருந்தது.

ராதிசாவ் யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு துப்பாக்கியாகத் தன் கையால் வாங்கி, பேருந்தின் சாமான் அறையில் வைத்துப் பூட்டினார். சாவியைக் கொண்டுபோய் ஸோர்க்காவின் உள்ளங்கையில் வைத்தார். "என்னை மன்னிச்சிடும்மா. சுட்டது யாருன்னு அன்னிக்கே நான் கேட்டிருக்கணும்," என்றபோது அந்த முரட்டு மனிதரின் கண் கலங்கியது. பிறகு நாற்காலிமேல் ஏறி நின்று ஊரைப் பார்த்தார்.

"துப்பாக்கி செய்யறது நம்ம பொழப்பு. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. ஆனா உள்ள இருக்கறப்ப மட்டும் உசுரை மதிச்சுட்டு வெளிய வந்ததும் மறந்தா, நமக்கு அந்தப் பொழப்பைப் பத்திப் பெருமை பேச வாயே கிடையாது. மத்தவன் உசுருல விளையாடறது சந்தோஷம் இல்லய்யா, திமிரு. இனிமே இந்த ஊர்க் கல்யாணத்துல சத்தம் வேணும்னா ஆண்டவன் கொடுத்த தொண்டை இருக்கு. எங்க, கத்துங்க பாப்போம்!"

ஊரே கத்தியது. எல்லோரையும்விடப் பலமாகக் கத்தியவள் ஸோர்க்கா.