உள்பக்கத் தாழ்ப்பாள்

1997ஆம் ஆண்டு மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தெரணியகலைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்தில் ஜீவராணியின் ஒற்றை அறைக் காம்பராச் சுவரில் ஒட்டியிருந்த பத்திரிகைப் படத்துக் காகிதக் குழாயிலிருந்து தண்ணீர் வந்தது. முதல் நாள் ஒரு வாளி, மறுநாள் இரண்டு. லயத்துக்குப் பொதுவான வெளிப்பீலிக் குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் என்பதால் சனங்கள் குடத்தோடு வந்து வரிசையில் நின்றார்கள். அது முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயம். அதே சுவருக்கு மறுபக்கம் குடியிருந்த தெரேசம்மா தன் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஈரமே இல்லை என்றாள். அதோடு விசாரணை முடிந்தது.

லயத்துக்காரர்களுக்கு ஏழு பேர்ச் அளவில் ஒரு துண்டுக் காணி கிடைக்கும், சொந்தமாக வீடு கட்டிக்கொள்ளலாம் என்று முந்தின வருடம் பெயர் எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். தீபாவளிக்கு முன் புகை பிடித்த சுவரை மறைக்க மாவுப் பசை காய்ச்சிப் பத்திரிகைத் தாள் ஒட்டுவது அங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஜீவராணி அந்த வருடம் வீட்டுப் படங்களாகவே ஒட்டினாள். கட்டப்போகிற மேசன் பாஸ் செல்லையாவுக்கு வாயால் சொன்னால் விளங்காது, கண்ணால் பார்க்கட்டும் என்பது அவள் யோசனை. படங்களை அனுப்பியது மகள் விஜயகலா. பன்னிரண்டு வயதில் கொழும்பில் ஒரு லேடி வீட்டுக்கு வேலைக்குப் போனவள், போய் இரண்டு வருடமாகியிருந்தது. தலைவாரி, ரிப்பன் கட்டி, பஸ்ஸில் ஏற்றிவிட்டது ஜீவராணியேதான். வீடு எழும்பினால் பிள்ளையைக் கூட்டி வந்து அவளுக்கென்று ஓர் அறை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

லேடி வேண்டாமென்று போட்ட வீட்டுப் படப் புத்தகங்களில் தாள் கிழித்து, மாதம் ஒரு கடிதத்தோடு மடித்து அனுப்புவாள் விஜயகலா. அப்பா மூக்கையாவுக்குக் கண்ணாடி வைத்த முகம் கழுவும் தொட்டி பிடித்தது. ஜீவராணிக்கு நின்றபடியே சமைக்கிற குசினி. "ஏழு பேர்ச்சுல கல்யாண மண்டபமா கட்டப் போறீங்க?" என்று கேட்டார் செல்லையா பாஸ். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சும்மாவா சொன்னார்கள்! மகள் மட்டும் கடிதத்துக்குக் கடிதம் ஒன்றையே எழுதினாள்: "அம்மா, என் ரூமுக்குத் தாப்பா உள்பக்கம் வைக்கச் சொல்லுங்க." அப்படி என்ன பொக்கிஷத்தை வைத்துப் பூட்டப் போகிறாள் என்று மூக்கையா சிரித்தான். ஜீவராணியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் பின்னாளில் அவளுக்குச் சோறு இறங்காது.

குழாய்க்குப் பிறகு, சித்திரையில் படத்துச் சன்னல் ஒன்று திறந்துகொண்டது. அதன் வழியே உப்புக் காற்று வந்து, உலர்த்தியிருந்த கருவாடு மறுபடி நமுத்துப் போனது. வைகாசியில் கம்பளம் சுவரிலிருந்து தரைக்கு இறங்கியது, பூனை அதில் குட்டி போட்டது. அனுமதி இல்லாமல் லயத்தில் சன்னல் வைத்ததற்கு விளக்கம் கேட்டுத் தோட்டத்து ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. அது வெறும் கடதாசிங்க ஐயா என்று மூக்கையா பதில் கொடுத்தான். அது பொய்யும் இல்லை.

ஆவணிக் கடிதத்தில் இருந்த படம் வேறு மாதிரி. "இது நான் வேலை செய்யிற வீடுதாம்மா, புத்தகத்துல போடுறதுக்கு வந்து படம் புடிச்சாங்க" என்று எழுதியிருந்தாள். வெள்ளைச் சுவர், பளபளக்கும் மாடிப்படி, பூச்சாடி. ரப்பர் பால் வெட்டி வந்து, குளித்து, சாப்பிட்ட கையோடு பிற்பகல் மூன்று மணிக்கு ஜீவராணி அதைச் சுவரில் ஒட்டினாள். பசை காயும் முன்னே படத்துக்குள் செருப்புச் சத்தம் கேட்டது. சேலை கட்டிய ஒரு லேடி கைப்பையோடு படியிறங்கி வந்தாள். மாடிப்படிக்குக் கீழே, சுவரோடு சுவராக வெள்ளையடித்த ஒரு சின்னக் கதவு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. கீழே பெருக்கிக்கொண்டிருந்த விஜயகலா யாரும் சொல்லாமலே துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்து அதற்குள் போனாள். லேடி வெளியிலிருந்து தாழ்ப்பாளை இழுத்துப் போட்டுவிட்டு, பூச்சாடியை நேராகத் திருப்பி வைத்து, வெளியே போனாள்.

ஜீவராணியின் கையிலிருந்த பசைச் சட்டி விழுந்து உடைந்தது. இத்தனை நாளும் அவள் படம் சேர்த்துக்கொண்டிருக்க, பிள்ளை இப்படியா கிடந்தது! ஈரப் படத்துக்குள் கையை விட்டாள். தோள் போனது, தலை போனது, பிறகு பளிங்குத் தரையில் பசைக் காலோடு நின்றாள். தாழ்ப்பாளைத் திறந்தாள். உள்ளே ஒரு பாய், ஒரு வாளி, அவள் மகள்.

"லேடி வெளிய போறப்பல்லாம் இப்படித்தாம்மா," என்றாள் விஜயகலா, ஏதோ மழையைப் பற்றிச் சொல்வது போல. "நீங்க எப்படி வந்தீங்க?"

"படம் ஒட்டுனேன்டி," என்றாள் ஜீவராணி. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். இருவரும் சுவர் வழியே வந்து இறங்கியபோது மூக்கையா வேலை விட்டு வந்து வாசலில் நின்றிருந்தான். மகளைப் பார்த்தான், பின்னால் படத்தில் திறந்து கிடந்த கதவைப் பார்த்தான், அதன் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று பார்த்தான்.

வேலைக்காரப் பெண்ணைக் காணவில்லை என்று முறைப்பாடு வந்ததாக மறுவாரம் ஒரு பொலிஸ்காரர் வந்தார். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்தது என்று அந்த லேடியிடமே கேளுங்கள் என்று ஜீவராணி சிங்களத்தில் சொல்லிப் படத்தைக் காட்டினாள். அவர் குனிந்து கதவுக்குள் எட்டிப் பார்த்தார். பாயைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். கொப்பியை மூடி, காகிதக் குழாயில் கை கழுவிக்கொண்டு போனார். அந்த முறைப்பாடு திரும்பி வரவில்லை.

காணி கிடைத்து வீடு எழும்ப 2001 ஆனது. மாடிப்படி இல்லை, தொட்டி இல்லை. அத்தனை யோசனையிலும் ஒன்றே ஒன்றுதான் வீட்டுக்குப் போனது, அதுவும் எந்தப் படத்திலும் இல்லாதது. பால் காய்ச்சிய அன்று விஜயகலா தன் அறைக்குள் போய் உள்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். பொழுது சாயும்வரை அந்தச் சத்தம் கேட்டது. அம்மாவும் அப்பாவும் வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் கதவைத் தட்டவில்லை.

பழைய காம்பராவுக்குத் தெரேசம்மாவின் மகன் ஜெறோம் குடும்பம் வந்தது. குழாயில் இன்னும் தண்ணீர் வருகிறது. சாவியைக் கொடுக்கும்போது ஜீவராணி ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டாள், அவர்களும் அதைத் தவறவிடுவதில்லை. படத்து மாடிப்படிக்குக் கீழே உள்ள அந்தச் சின்ன அறையில் அவர்கள் ரப்பர் விறகு அடுக்குகிறார்கள். லேடி அதைத் தாண்டி மேலேயும் கீழேயும் போய் வருகிறாள். விறகு வாசல்வரை நிறைந்திருப்பதால் அதற்குள் வேறு யாரையும் வைத்துப் பூட்ட முடியாது.