ஜம்புலிங்கம் அனுப்பிய ஆள்

ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை கட்ட ஆரம்பித்ததிலிருந்து மேனாம்பேட்டில் ஆம்பளை என்று சொல்லிக்கொள்ளக் கிழவர்களும் மணியக்காரரும்தான் மிச்சம். மற்றவர்கள் எல்லாரும் நோட்டுக் கூலிக்குப் போய்விட்டார்கள். கன்னியம்மாவின் புருஷன் ஜம்புலிங்கமும் போனான். மேஸ்திரி விட்டால்தான் வீடு. அவன் அமாவாசைக்கு அமாவாசைதான் விடுவான், அதுவும் மனசு வந்தால்.

நோட்டுக்கு என்ன குறைச்சல்? யுத்தம் வந்தாலும் வந்தது, சர்க்கார் அடித்துத் தள்ளியது. நோட்டு பெருகப் பெருக அரிசி கடையை விட்டே ஓடியது. ஜம்புலிங்கத்தின் கூலி முன்பைவிட இரட்டிப்பு, வீட்டு உலையில் விழும் அரிசி பாதி. கன்னியம்மா நம்பியிருந்தது ஏரிக்குக் கீழே இருந்த முக்கால் காணிச் சம்பாவைத்தான். அது விளைந்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் அடுத்த ஆடி வரை கஞ்சி. விளையாவிட்டால் அதுவும் இல்லை.

அந்த நிலத்துக்குத் தண்ணீர் வேண்டுமானால் புரட்டாசியில் ஏரிக்கரைக்கு மண் போட வேண்டும். கூலி கிடையாது, ஊர் வழக்கம். வீட்டுக்கு ஓர் ஆம்பளை ஆள், கிழவரானாலும் சரி. அந்த ஆளைக்கூட யாரும் எண்ணுவதில்லை. வேலை முடிகிற நாளில் அவரவர் மண்வெட்டியைக் கரைமேல் வரிசையாக நட்டு வைப்பார்கள். மணியக்காரர் வீரராகவன் பார்த்துக்கொண்டே நடப்பார். மண்வெட்டி நின்றால் அந்த வீட்டுக்கு மடைத் தண்ணீரில் முறை உண்டு. நிற்காவிட்டால் இல்லை. பெண்கள் சுமக்கும் கூடையை நட்டு வைக்க எந்தக் காலத்திலும் யாரும் சொன்னதில்லை.

கன்னியம்மா ஒரு நாள் விடாமல் கூடை சுமந்தாள். வேலை முடிய ஒரு நாள் இருக்கையில் மணியக்காரரிடம் போய் நின்றாள். அங்கே அம்பத்தூர் ரயில்வே குமாஸ்தா பாஸ்கல் பேப்பரும் கையுமாக அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பாஸ்கலுக்கும் ஏரிக்குக் கீழே நிலம் உண்டு. வாய்க்குச் சளைக்காத மனுஷர்.

"பட்ஜெட்ல துண்டு வியுதுன்றான் சர்க்காரு. ஏரிக்கு ஏது துட்டு? நம்பளே செஞ்சிக்க வேண்டியதுதான்" என்றார் வீரராகவன்.

"பட்டாளத்துக்கு மட்டும் எங்கேர்ந்து வருது? லண்டன்ல எழுதி வெச்ச கடன் சீட்டக் காட்டி இங்க ரிசர்வ் பேங்குல நோட்டு அடிக்கிறான், மணியக்காரரே. அந்தப் பாரம் அரிசி வெலையில ஏறி நம்ப தலைக்கு வருது."

"நோட்டு அடிக்காம சண்ட போட முடியுமா?"

"அடிக்கட்டும். அதுல நாலு நோட்டு இந்த ஏரிக்கு வரக் கூடாதா? ஊரான் ஒழப்ப ஓசியில வாங்கினா அதுக்கு இன்னா பேரு?"

பேச்சில் லண்டன்வரை போனவர்களுக்கு எதிரே நின்றவள் கண்ணில் படக் கொஞ்சம் நேரமாயிற்று.

"மாமா, எங்க ஊட்ல ஆம்பள இல்ல. நாந்தான் தெனமும் மண்ணு சொமந்துகினு கீறேன். எங்க மொறைய வெட்டிடாதீங்க" என்றாள் கன்னியம்மா.

"சொமந்த, பாத்தேன். மம்புட்டி எங்கம்மா? உனக்கு உட்டா நாளைக்கு எல்லாரும் பொம்பளய அனுப்பிடுவான்."

கன்னியம்மா பாஸ்கலைப் பார்த்தாள். இவ்வளவு நியாயம் பேசுகிறவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா? பாஸ்கல் பேப்பரை மடித்துக்கொண்டே, "வழக்கம்னு ஒண்ணு கீதேம்மா" என்றார்.

ஜம்புலிங்கத்துக்குச் சொல்லி அனுப்பினாள். ஒரு நாள் வந்தாலும் மேஸ்திரி பேரை அடித்துவிடுவான், நீயே யாரையாவது பார்த்து வை என்று அன்று ராத்திரியே பதில் வந்தது. ஊரில் யாரைப் பார்ப்பது? விடிந்ததும் பரணில் கிடந்த பழைய மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் கண்ணில் படாத கரைக்கோடிக்குப் போனாள்.

பெண் வெட்டிப்போட்ட கரை நிற்காது என்பது ஊர்ப் பேச்சு. அதே கரைக்கு அவள் சுமந்து கொட்டிய மண் மட்டும் எப்படி நிற்குமோ, அதை யாரும் கேட்டதில்லை. கன்னியம்மாவுக்கும் பயம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். பொழுது சாய்வதற்குள் உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. கடைசியில் மண்வெட்டியை வரிசையில் நட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

வீரராகவன் வந்தார். மண்வெட்டியைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஜம்புலிங்கம் ஆள் அனுப்பினான். யார் கேட்டாலும் அப்டித்தான் சொல்லணும். நீ வெட்டினது தெரிஞ்சா, எங்க கசிஞ்சாலும் ஊரு உன் தலையிலதான் வெக்கும். என்னையும் சும்மா உடமாட்டானுங்க" என்றார்.

அவள் தலையாட்டினாள். முறை கிடைத்தால் போதும் என்றிருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்ப நிரம்பக் கன்னியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தன் பயிர் போய்விடுமோ என்று இருந்த பயம் போய், ஊர்ப் பயிரெல்லாம் தன்னால் போய்விடுமோ என்ற பயம் வந்து உட்கார்ந்தது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அடிக்கொருதரம் கரைக்கு ஓடினாள். ஒரு மத்தியானம் தான் வெட்டிப்போட்ட இடத்தின் அடியில் ஈரம் மினுங்கியது. யாரையும் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் ஏன் இங்கே வந்தாய் என்பார்கள். வைக்கோலையும் களிமண்ணையும் கையாலேயே திணித்து, காலால் மிதித்து, இருட்டும்வரை அங்கேயே நனைந்துகொண்டு நின்றாள். ஈரம் அடங்கியது.

கரை நின்றது. மழை ஓய்ந்து மடைமுறை சொன்னபோது ஜம்புலிங்கம் பேரும் இருந்தது.

அடுத்த அமாவாசைக்கு ஜம்புலிங்கம் வந்தான். தெருமுனையிலேயே வீரராகவன் நாலு பேர் கேட்க, "பரவால்லடா, நீ வராட்டியும் ஆள அனுப்பி மானத்தக் காப்பாத்திட்ட" என்று முதுகில் தட்டியிருந்தார். அந்தப் பூரிப்போடு வந்து இலை முன்னால் உட்கார்ந்தான்.

"யார அனுப்பின? நல்ல வேலக்காரனாமே. கூலி எவ்ளோ குடுத்த?"

"கூலி இன்னும் குடுக்கல."

"அடிப்பாவி! வேல வாங்கிக்கினு கூலி குடுக்காம கீறியா? அந்தாளு வயிறு எரியாதா?" ஜம்புலிங்கத்துக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. மடியை அவிழ்த்து இரண்டு புது நோட்டை நீட்டினான். "இந்தா, மொதல்ல இத்த குடுத்துட்டு வா. அப்பறம் சோறு போடு."

கன்னியம்மா வாங்கிக்கொண்டாள். வெளியே போய், தெருவில் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். நோட்டை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அவனுக்குச் சோறு போட்டாள்.