உள்ளிருந்து திறக்காத கதவு

காலர் பாதி தைத்திருக்கும்போதே மெஷின் நின்றது. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கரண்டு போகவில்லை, கணவர்தான் நிறுத்தியிருக்கிறார் என்று தையல்காரிக்குப் புரிந்துவிட்டது. போனும் அடித்தது.

"காலையிலேருந்து மெஷின்லயே உக்காந்திருக்க. துவைச்ச துணி சோபாவுல அப்படியே கிடக்கு. அதை மடிச்சு வை, போட்டு விடறேன்."

"நாளைக்குக் குடுக்க வேண்டிய சட்டைங்க."

"முதல்ல வீட்டைப் பாரு."

அந்த வீட்டில் விளக்கு, விசிறி, மெஷின் பிளக், கூடத்துக் கேமரா, வாசல் பூட்டு எல்லாவற்றுக்குள்ளும் விரல்நுனி அளவு ரேடியோ இருந்தது. அவை கம்பியில்லாமல் டிவி பக்கத்து வெள்ளைப் பெட்டியோடு பேசும். பெட்டியோ அவர் போன் சொன்னால் மட்டுமே கேட்கும். ஆபீசில் உட்கார்ந்தபடியே வீட்டை ஆட்டிவைத்தார். "கொடுத்து வச்சவ" என்று அக்கம்பக்கம் சொன்னது. சண்டை எதற்கு என்று அவளும் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

துணியை மடித்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வாசலில் நாத்தனார் குரல் கேட்டது. நிறைமாதம், டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் வழியில் நனைந்துவிட்டாள்.

"அண்ணி, கதவத் திறங்க. தலை சுத்துது."

"உங்க அண்ணன் திறந்தாதான் உண்டு."

"விளையாடாதீங்க அண்ணி."

"விளையாடலம்மா. உள்ள இருக்கற எனக்கும் இது திறக்காது."

நாத்தனார் படியில் உட்கார்ந்துவிட்ட சத்தம் கேட்டது. தையல்காரி கணவரைக் கூப்பிட்டாள்; போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மீட்டிங்கில் இருந்தார்.

பூட்டுப் பொருத்தியவர் போகிற போக்கில் சொன்னது தையல்காரிக்கு நினைவிருந்தது: கதவைப் பிடித்திருப்பது காந்தம், கரண்டு போனால் விட்டுவிடும். இனி சண்டை வந்தால் வரட்டும் என்று மெயின் சுவிட்சை இறக்கினாள். கதவு விட்டுக்கொடுத்தது. நாத்தனாரைத் தாங்கிப் பிடித்து உள்ளே படுக்கவைத்து, தலை துவட்டி, சூடாகப் பால் கொடுத்தாள்.

அலறியடித்துக்கொண்டு வந்தார் கணவர். "ஏன் மெயினை அணைச்ச? கேமராவுல ஒண்ணும் தெரியல. எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா?"

"உங்க தங்கச்சி மழையில மயங்கி உக்காந்திருந்தா. திறக்க வழியில்லாம நான் உள்ள நின்னேன். அந்தப் பயம் உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தானே பண்ணேன்?"

படுத்திருந்த தங்கை தலையைத் தூக்கினாள். "அண்ணா, உங்க மாப்பிள்ளை என்னை இப்படிப் பூட்டி வச்சா, பாதுகாப்புன்னு சொல்லிட்டுப் போயிடுவீங்களா?"

தங்கையின் ஈரத் தலையையும் மனைவியின் முகத்தையும் பார்த்தார்.

தையல்காரி குரலை உயர்த்தவில்லை. "பெட்டியில என் போனையும் சேருங்க, உங்களுக்கு இருக்கற அதே உரிமையோட. கதவுக்கு உள்பக்கம் கையால திறக்கற பிடி வரணும். என் மெஷின்ல நீங்க கை வைக்கக் கூடாது. இதுக்குச் சம்மதிச்சாதான் மெயினை ஏத்துவேன்."

அவர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு கை நீட்டினார்.

"தப்புதான். உன் போனைக் குடு."

போனை அவர் கையில் வைத்துவிட்டு மெயினை ஏற்றப்போனவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"வசதி வேண்டாம்னு நான் சொல்லல. விளக்கு, விசிறி, கதவு எல்லாம் சொன்னபடி கேக்கட்டும். ஆனா உள்ள வாழறவங்க கைக்கு அடங்காத வீடு எவ்வளவு நவீனமா இருந்தாலும் அது ஜெயில்தான்."