பதினோராம் இதழின் ஓரம்

என் தம்பியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவன் புள்ளி. எதைக் கண்டாலும் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடுகிற வியாதி அவனுக்கு. என் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "ஆறரை. மூலை மடங்கியிருக்கு, ரெண்டு பக்கம் ஒட்டிக்கிச்சு" என்றான். மாப்பிள்ளைக்கு எத்தனை என்று கேட்டதற்கு மட்டும், "அது உன் பொறுப்பு, அக்கா" என்று நழுவிவிட்டான். பிழைக்கத் தெரிந்தவன்.

பகலில் அவனுக்கு டைல்ஸ் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. டைல்ஸை விரலால் தட்டி, சத்தத்தை வைத்தே உள்விரிசலைச் சொல்லிவிடுவான். மற்ற நேரமெல்லாம் பழைய காமிக்ஸ். வாங்குகிறவர், விற்கிறவர் இரண்டு தரப்பும் புத்தகத்தை அவனிடம்தான் கொண்டுவருவார்கள். அவன் ஒரு சீட்டில் புள்ளியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அரைப் புள்ளி கூட்டிப் போடச் சொல்லி அவனிடம் கெஞ்சுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான். சுவராவது சில நேரம் உதிரும்.

இந்தக் காமிக்ஸ் கூட்டத்தின் நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. புத்தகத்தைப் படிக்கக்கூடாது, படித்தால் அதன் முதுகு மடிப்பு தளர்ந்துவிடும். கிழிந்தது கிழிந்தபடியே இருக்க வேண்டும், ஒட்டினால் போச்சு. வெளிறிய இடத்தில் பேனா வைத்தால் கொலைக்குற்றம். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்தால் ஒரு புள்ளி குறையும், துருவுக்குப் பயந்து புதுப் பின் அடித்தால் மூன்று குறையும். விலையோ அதைவிடக் கூத்து. அந்தக் காலத்தில் வந்த ஒரு சாகச இதழில், பத்தாம் இதழை விற்றால் இன்றைக்கு ஒரு டீ குடிக்கலாம். பதினோராம் இதழை விற்றால் நன்றாக ஓடுகிற பைக் ஒன்று வாங்கலாம். என்ன காரணம்? பத்தொன்பதாம் பக்கத்தில், ரயில் நிலையக் கூட்டத்தில், வலது மேல் மூலையில் ஒருவன் கறுப்புக் குடையோடு நிற்கிறான். பிற்பாடு தனிக் கதைகளில் நாயகனாகிப் பெயரெடுத்த குடைக்காரன் முதன்முதலில் தலைகாட்டிய இடமாம் அது. தலையைக்கூடக் காட்டவில்லை, முதுகைத்தான் காட்டுகிறான். முதுகுக்கே இந்த விலை என்றால், ஐயா கொஞ்சம் திரும்பிப் பார்த்திருந்தால் வீடே வாங்கியிருக்கலாம்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். என் வேனில் வருகிற பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பவர், எங்கள் தெருவில் இரண்டாம் மாடியில் இருக்கும் டெய்லரக்கா. அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டார். யாரோடும் அதிகம் பேசாத மனுஷர். அவரும் காமிக்ஸ் சேர்த்தவர் என்பது, அவர் போன பிறகு டெய்லரக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"முப்பது வருஷமா இதுக்குத்தான் சண்டை" என்றார், கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியைக் காலால் தட்டிக் காட்டி. "குப்பையைக் கொண்டுவந்து கொட்டாதீங்கன்னு நான் கத்துவேன். என்னைக்காவது உனக்கே தெரியும்னு அவர் சொல்வார். வேலை முடிஞ்சு கிரீஸ் கையோட வந்து, மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவுவார். எதுக்கு? இதைத் தொடுறதுக்கு! என் கையைப் பிடிக்கறதுக்கு ஒருநாளாவது அப்படிக் கழுவியிருப்பாரா, கேளு."

சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர், முடிக்கும்போது சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகப் பேசியதும் இதைப் பற்றித்தானாம். எல்லாவற்றையும் எடைக்குப் போட்டாலும் பதினொன்றை மட்டும் போட்டுவிடாதே என்றாராம். இந்த நேரத்திலும் காமிக்ஸ்தானா என்று இவருக்கு ஆத்திரம் வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

"உன் தம்பி வந்து பார்த்துச் சொல்லட்டும்" என்றார். "காசு வந்தா கீழே தெருவைப் பார்த்த ரூமை வாடகைக்கு எடுத்துக் கடை போடுவேன். அது வேற விஷயம். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். அந்த மனுஷன் சொன்னதுல ஏதாவது இருந்துச்சா, இல்ல, நான் கத்தினதுதான் சரியா?"

ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். துணி வெட்டுகிற பெரிய மேஜையைப் பளபளவென்று துடைத்து, நடுவில் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் பதினோராம் இதழை மட்டும் எடுத்து வைத்திருந்தார். மற்றவையெல்லாம் பெட்டியிலேயே இருந்தன. தம்பி வாசல் பக்கத்திலேயே நின்றுவிட்டான்.

"அந்த அட்டைச் சிவப்பைப் பாருக்கா" என்றான் என் காதோடு. "நான் பார்த்த எல்லாப் பிரதியிலயும் செங்கல் நிறமாப் போயிருக்கும். இது வெயிலையே பார்த்ததில்ல."

மெல்லிய துணிக் கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். முதுகைப் பார்த்தான். பின்னைப் பார்த்தான், துரு இல்லை. ஈர வாடை இருக்கிறதா என்று மோந்து பார்த்தான். பூதக்கண்ணாடியை அட்டை முழுவதும் ஓட்டி, விரல் ரேகை ஒன்றுகூட இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். டெய்லரக்கா, பரீட்சை எழுதிய பிள்ளை வாத்தியார் முகத்தைப் பார்ப்பது மாதிரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவன் புத்தகத்தைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி ஓரத்தைப் பார்த்தான். அவ்வளவுதான், அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"ஓரம்..." என்றான்.

"கவனிச்சீங்களா தம்பி?" டெய்லரக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க வந்து பார்க்கப் போறீங்க, அப்படியே எடுத்துக் குடுக்கலாமா? தூசி தட்டி எடுத்தேன். பார்த்தா ஓரம் ஒரே கோணல். மேல அகலம், கீழே வர வரக் குறுகல். எந்த மகராசன் வெட்டினானோ! கோணல் ஓரம் கண்ணுல பட்டா எனக்கு வேற வேலையே ஓடாது. ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு, என் பெரிய கத்தரியால ஒரே சீரா வெட்டிட்டேன். எங்கயாவது பிசிறு இருக்கா பாருங்க."

பிசிறு இல்லை. வினையே அதுதான். அந்த வயசுக் காகிதத்துக்கு ஓரம் பழுப்பேறி இருக்க வேண்டும். இது, அறுத்த ரொட்டி மாதிரி வெள்ளையாக இருந்தது.

இந்தக் கூட்டத்துச் சட்டத்தில் இது ஒன்றாவது எனக்குத் தெரியும். அச்சகக்காரன் கோணலாக வெட்டியிருந்தால் மன்னிப்பு உண்டு, ஒன்றிரண்டு புள்ளியோடு போகும். அதையே நாம் நேராக வெட்டினால் தூக்குத்தண்டனைதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்காகவே விட்டிருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும்.

"என்ன தம்பி, பேச்சையே காணோம்? எத்தனை புள்ளி?"

தம்பி என்னைப் பார்த்தான். விரிசல் விட்ட டைல்ஸைக் கண்டால் இரண்டாவது யோசனை இல்லாமல் ஒதுக்கிப் போடுகிறவன், அன்றைக்குத் துடைத்த பூதக்கண்ணாடியையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால், கணவர் முப்பது வருஷம் காத்து வைத்ததை இவர் கை ஒரு நிமிஷத்தில் அழித்துவிட்டது என்றாகும். அந்தக் கையை வைத்துத்தான் இவர் இனியும் பிழைக்க வேண்டும். எனக்கு மனசு கேட்கவில்லை. முந்திக்கொண்டேன்.

"அக்கா, இது பெருசா விலை போறது இல்லையாம். வர்ற வழியிலயே சொன்னான். இந்தப் பதினொண்ணு எங்க பார்த்தாலும் கிடக்குதாம்."

இரக்கத்தில் சொன்ன பொய்தான். ஆனால் அது எங்கே போய்க் குத்தும் என்று நான் யோசிக்கவில்லை. டெய்லரக்கா நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார். கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கழற்றி விரலில் சுற்ற ஆரம்பித்தார்.

"அப்போ குப்பைதான்" என்றார். "நான் சொன்னதுதான் சரி."

முப்பது வருஷச் சண்டையில் ஜெயித்தவர் குரல் அப்படியா இருக்கும்? "பாவம். வெறும் காகிதத்தை நம்பிக்கிட்டே போய்ச் சேர்ந்துட்டார்" என்றார். "அவ்வளவு தடவை கை கழுவினாரே, இதுக்கா?" அவர் போன அன்றைக்கு நான் கூடவே இருந்தேன். அன்றைக்குக்கூட இவர் முகம் இப்படி விழவில்லை.

"எங்கக்கா சொல்றது பொய்" என்றான் தம்பி.

அங்கேயே அவன் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போல இருந்தது எனக்கு. அவன் என் பக்கமே திரும்பவில்லை.

"வெட்டின துண்டு இருக்காக்கா?"

தைக்கிறவர்கள் துண்டை எறியமாட்டார்கள். மிஷின் இழுப்பறையில், பட்டன்களுக்கும் கொக்கிகளுக்கும் நடுவே ஒரு கவரில் அது பத்திரமாக இருந்தது. மேலே அரை விரல் அகலமாகத் தொடங்கி, கீழே நூலாக முடியும் நீளக் கீற்றுகள். தம்பி ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, ஒன்றைத் தேர்ந்து, பத்தொன்பதாம் பக்கத்தைத் திறந்து அதன் ஓரத்தில் பொருத்தி வைத்தான்.

ரயில் நிலையக் கூட்டம். மூலையில் முதுகைக் காட்டி நிற்கும் ஒருவன். அவன் குடையில் பாதி பக்கத்தில் இருந்தது, மீதி கீற்றில் இருந்தது. இரண்டும் சேர்ந்ததும் குடை முழுசாக விரிந்தது.

"இவன்தான் குடைக்காரன். இவனுக்காகத்தான் இந்த விலை" என்றான். "உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட பொய் சொல்லல. வெட்டாம இருந்திருந்தா, இதை வச்சுக் கீழ் ரூமை எடுத்திருக்கலாம், மிஷினும் புதுசா வாங்கியிருக்கலாம். பதினோராம் இதழுக்கு இதுவரைக்கும் நான் அஞ்சரைக்கு மேல போட்டதே இல்ல. இது எட்டு வாங்கியிருக்கும்."

"நான் வெட்டினதாலதான் போச்சா?"

"ஆமாக்கா."

"இப்போ எத்தனை?"

"அரை."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அழுகைச் சத்தம் கேட்டது. அவர் போன அன்றைக்குக்கூடக் கேட்காத அழுகை, தோள் குலுங்கக் குலுங்க. எழுந்து போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஏற்கெனவே சொன்னதே போதும் என்று இருந்தது.

"பொய் சொல்லல" என்றார் அழுகைக்கு நடுவே. "பார்த்தியா, அவர் பொய் சொல்லல. நான்தான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்."

ரொம்ப நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு தம்பியை நேராகப் பார்த்தார்.

"அது சரி, ஏன் எட்டு?"

"என்னக்கா?"

"வெயில் படாம வச்சிருந்தார்ங்கறீங்க. ரேகை இல்லங்கறீங்க. துரு இல்ல, வாடை இல்ல. அப்புறம் ஏன் எட்டோட நிறுத்திட்டீங்க? ஒன்பது குடுத்தா உங்க கைக்காசா போகுது?"

"ஓரம் கோணலா இருந்திருக்கே. அதுக்கு ரெண்டு போயிடும்."

"அது அச்சகக்காரன் பண்ண தப்பு. அவன் தப்புக்கு இவருக்கு எதுக்குக் குறைக்கறீங்க?"

முப்பது வருஷம் குப்பை என்று கத்திய அதே வாய், அவருக்காக இரண்டு புள்ளிக்குச் சண்டை போட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தம்பி தலையைச் சொறிந்தான். யார் கெஞ்சினாலும் அசையாதவன், அவரையும் கீற்றையும் மாறி மாறிப் பார்த்தான்.

"புத்தகத்துக்கு எட்டுதான். அதை மாத்த முடியாது" என்றான். "ஆனா வச்சிருந்ததுக்குப் பத்து."

"எழுதிக் குடுங்க."

சீட்டை எடுத்து எழுதினான். இன்றைய நிலை அரை, வெட்டும் முன் எட்டு, வைத்திருந்த விதம் பத்து. கையெழுத்தும் போட்டான். எதற்கும் இதுவரை பத்து போடாதவன் என் தம்பி. எனக்குத்தான் தெரியும்.

"பெட்டியில மிச்சம் இருக்கறதுல நான் கை வைக்கல" என்றார் டெய்லரக்கா. "அதையெல்லாம் பார்த்து, போற விலைக்குக் குடுத்துடுங்க. ரூம் இந்த வருஷம் இல்லைன்னா அடுத்த வருஷம். இது மட்டும் இங்கேயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு எழுந்து குழாயடிக்குப் போனார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சோப்புப் போட்டுக் கழுவினார். முடிந்துவிட்டது என்று நினைத்தால், மறுபடியும் சோப்பை எடுத்தார். மூன்றாவது தடவையும் நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவி, சுத்தமான துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு வந்தார். நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்தைத் திறந்து படிக்க ஆரம்பித்தார்.