முதுகு காட்டிய வீடுகள்

ஒக்ரோபர் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு, டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் உருத்திரமூர்த்தியின் வீடு மெல்லத் திரும்பித் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றது. திரும்பி முடிய நாற்பது நிமிடம் எடுத்தது. அரிசி களைவதுபோல ஒரு சத்தம் கேட்டதாகவும், அடுப்பில் இருந்த பருப்பு சிந்தவில்லை என்றும் அவருடைய மனைவி சொன்னார். நகரசபையில் இருந்து வந்தவர் தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் சோதித்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று பிரெஞ்சில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். காரணம் என்னவென்று தமிழர்கள் யாரும் கேட்கவில்லை. அன்று மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் உருத்திரமூர்த்தி, தமிழர் ஒன்றியத்தின் தலைவர் தேர்தலில் இந்தமுறை குணரத்தினத்துக்குப் போடுவதில்லை, ஜெயமதிக்கே போடுவது என்று முடிவெடுத்திருந்தார்.

குணரத்தினம் பதினெட்டு வருடங்களாகப் போட்டியில்லாமல் தலைவராக இருந்தவர். துறைமுகத்தில் இருந்து கொள்கலன் லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். அகதியாக வந்திறங்கிய எத்தனையோ பேரைத் தன் லொறியிலேயே ஏற்றிக்கொண்டு போய் நகரின் கிழக்குப் பக்கத்துப் பண்டகசாலைகளில் வேலைக்குச் சேர்த்துவிட்டவர். எந்தச் செத்தவீட்டுக்கும் முதல் ஆளாகப் போய், கடைசி ஆளாகத் திரும்புவார். இடையில் இருபது நிமிடம் பேசுவார். ஜெயமதி மட்டக்களப்புக்காரி. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் முதியோர் இல்லம் ஒன்றில், வயதானவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றும் வேலை. மட்டக்களப்புப் பக்கத்தில் இருந்து வந்தவர்கள் ஒன்றியத்தின் விழாக்களில் இருபது வருடமாகக் கதிரை அடுக்கினார்கள், சோறு சமைத்தார்கள். ஒலிவாங்கி அவர்கள் கைக்குப் போனதில்லை. தேர்தலுக்குப் பேர் கொடுக்கும் கடைசி நாளில் ஜெயமதி கொண்டுவந்து கொடுத்த விண்ணப்பத்தை, சமையலுக்குப் பேர் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்துச் செயலாளர் வேறு கோப்பில் போட்டார். பிறகு எடுத்து மாற்றி வைத்தார். கணவன் ஜெறோம் காரோட்ட, ஜெயமதி வீடு வீடாகப் போய் உட்கார்ந்து மற்றவர்கள் சொல்வதைக் கேட்டார். தன்னைப்பற்றி எதுவும் சொல்லவில்லை.

மாதம் முடிவதற்குள் முப்பத்தொரு வீடுகள் திரும்பின. அடுக்குமாடியில் இருந்தவர்களுக்கு பல்கனி மட்டும் கட்டடத்தின் மறுபக்கத்துக்குப் போனது. கணவனும் மனைவியும் ஒத்துப்போகாத இடங்களில் வீடு பாதி வழியில் நின்றது. வாசற்கதவு பக்கத்து வீட்டு வேலியைப் பார்த்தது. மாக்கிரட் என்ற ஆசிரியைக்கு மட்டும் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. அவருடைய வீடு இரண்டு கிழமையில் ஐந்து தரம் திரும்பியது. பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸால் இறங்கியதும் தெருவில் நின்று வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, எந்தப் பக்கத்தால் போவது என்று தீர்மானிக்கப் பழகிக்கொண்டார்கள். குளிர்காலத்துக்குக் காருக்கு அடிக்கும் பிளாஸ்டிக் கூடாரத்தை எங்கே அடிப்பது என்பதுதான் அந்த நாட்களில் பெரிய கேள்வியாக இருந்தது.

குணரத்தினம் முதலில் சிரித்தார். பிறகு கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, திரும்பிய வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார். தெருப்பக்கம் இப்போது சமையல் நடக்கும் குசினியின் கதவுதான் இருந்தது. பதினெட்டு வருடமாக வரவேற்பறைச் சோபாவில் மட்டும் இருந்து எழும்பிய மனிதர், முதல் தடவையாகக் குசினி வழியாக வீடுகளுக்குள் நுழைந்தார். உருத்திரமூர்த்தியின் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு கலண்டர் ஒட்டியிருந்தது. திங்கள், புதன், வெள்ளி என்று சிவப்பு வட்டங்கள். இரத்தம் சுத்திகரிக்கப் போகும் நாட்கள் என்று மனைவி சொன்னார். இரண்டு வருடமாகப் போகிறாராம். அந்த இரண்டு வருடமும் இது தெரியாமலே ஆண்டுவிழாவில் உருத்திரமூர்த்திக்குப் பேர் சொல்லி நன்றி கூறியது குணரத்தினத்துக்கு ஞாபகம் வந்தது. அன்று அவர் வாக்குக் கேட்கவில்லை. அப்படியிருந்தும் அவர் போய்வந்த வீடுகளில் ஒன்பது, ஒரு கிழமைக்குள் பழையபடி திரும்பின. போட்டி சமனாகிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

நவம்பர் ஆறாம் திகதி, கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிய குணரத்தினம் தன்னுடைய தெருமுனையில் காரை நிறுத்தினார். அவருடைய வீடு பாதி திரும்பி நின்றது. தான் மனம் மாறவில்லை என்பது அவருக்குத் தெரியும். மனைவி ஞானாம்பிகை, வேலியைப் பார்த்திருந்த வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு ஆள் நுழையக்கூடிய இடைவெளிதான் இருந்தது. அவர் கோட்டை ஒடுக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வந்தார்.

"நீரே?" என்றார்.

"ஓம். நான்தான்."

"முப்பத்தாறு வருசத்தில ஒரு சொல்லு எனக்கு எதிராச் சொல்லாத மனுசி."

"இப்பவும் ஒண்டும் சொல்லேல்லை. வீடுதான் திரும்பினது."

அவர் அங்கேயே நின்றார். ஞானாம்பிகை சொல்ல நினைத்ததை மெதுவாகச் சொன்னார். நாலு வருடத்துக்கு முன்னர் ஞானாம்பிகைக்கு வயிற்றில் ஒப்பரேசன் நடந்து, பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். குணரத்தினம் ஒவ்வொரு நாளும் கூட்டங்களை முடித்துக்கொண்டு சூப்போடு வந்தார், அதில் குறையில்லை. ஆனால் தலைமயிர் சிக்குப்பிடித்து ஒரே கட்டியாகிவிட்டது. வெட்டத்தான் வேண்டும் என்று தாதி சொல்லிவிட்டார். அந்த வார்ட்டில் அப்போது வேலை செய்த ஜெயமதி, வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு இழையாகப் பிரித்தெடுத்தார்.

"நீர் எனக்கு இதைச் சொல்லவேயில்லை."

"நீங்கள் கேக்கேல்லை. அதுக்காகவும் நான் மாறேல்லை. காலமை ஆரோ போன் எடுத்து, 'மட்டக்களப்பாளிட்டையே சங்கத்தைக் குடுக்கப்போறியள்' எண்டு கேட்டவர். ஸ்பீக்கரில போட்டுத்தானே கதைச்சனீங்கள். அவர் சொன்னதை விடுங்கோ. நீங்கள் அதுக்கு 'ம்' எண்டனீங்கள்."

குணரத்தினம் யோசித்துப் பார்த்தார். 'ம்' என்றது உண்மைதான். அதைச் சொல்லும்போது வாழைக்காய்க்குத் தோல் சீவிக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது.

அதன்பிறகு அவர் எந்த வீட்டுக்கும் வாக்குக் கேட்டுப் போகவில்லை. அந்த ஒடுங்கிய இடைவெளியால் ஒரு கிழமை போய்வந்தார். கோட்டின் தோள்மூட்டில் வேலிப் பலகையின் வெள்ளைப் பெயின்ற் ஒட்டிக்கொண்டது, துடைக்கவில்லை. எட்டாம் நாள் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குக் காரோட்டினார். ஜெயமதி தன் வீட்டு முற்றத்தில் மேப்பிள் இலைகளைக் கூட்டிப் பையில் அடைத்துக்கொண்டிருந்தார். குணரத்தினம் பையின் வாயை விரித்துப் பிடித்தார். நிறைந்த இரண்டு பைகளைக் கட்டி ஓரமாக வைத்தார்கள்.

"உம்மைப்பற்றி ஒருத்தன் ஒரு கதை கதைச்சவன்," என்றார் பிறகு. "நான் மறுத்துக் கதைச்சிருக்கவேணும். கதைக்கேல்லை."

"கேள்விப்பட்டன் அண்ணன்."

"எப்பிடி?"

"போன் எடுத்தவரே எல்லாருக்கும் சொல்லித் திரியிறார். நீங்களும் ஓமெண்ட மாதிரி."

அவர் அடுத்த பையின் வாயை விரித்துப் பிடித்தார். இலைகள் விழுந்துகொண்டே இருந்தன. புறப்படும்போது கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "மனுசின்ர தலையை மூண்டு மணித்தியாலம் இருந்து சிக்கெடுத்தனீராம்?" என்று கேட்டார்.

"நாலு மணித்தியாலம், அண்ணன்," என்றார் ஜெயமதி. "சரியான நீளமெல்லோ. வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அவர் உள்ளே போய்க் குடித்துவிட்டுத்தான் வந்தார். மறுநாள் காலை, போன் எடுத்தவரை ஸ்பீக்கரில் போட்டு அழைத்து, அந்தச் சொல்லை இனி தன்னிடமோ பிறரிடமோ சொல்லக்கூடாது என்றார். அந்த ஆள் கோபித்துக்கொண்டார். அவருடைய சொந்தக்காரரிடம் ஏழு வாக்குகள் இருந்தன. ஞானாம்பிகை அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார்; மடிப்பதை நிறுத்திக் கேட்டுவிட்டு மறுபடி மடித்தார்.

நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் வாக்களிப்பு நடந்தது. குணரத்தினம் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நெடுநேரம் நின்றார். இரண்டே இரண்டு பேர்கள்தானே, என்ன இவ்வளவு நேரம் என்று வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வெளியே வந்து மனைவியோடு காரில் ஏறினார். தெருமுனைக்கு வந்தபோது அவர்களுடைய வீடு மிச்சப் பாதியையும் திரும்பிக்கொண்டிருந்தது. காரை ஓரமாக நிறுத்தி, அது நிற்கும்வரை பார்த்திருந்தார்கள். உடுப்புக் காயப்போடும் கொடி, தக்காளிக்கு ஊன்றிய தடிகள், பழுதான பழைய குளிர்சாதனப் பெட்டி எல்லாம் ஊர் பார்க்கத் தெருவுக்கு வந்தன. ஞானாம்பிகை அவருடைய தோள்மூட்டில் இருந்த வெள்ளைப் பெயின்ற்றை விரல்நகத்தால் சுரண்டி எடுத்தார்.

ஜெயமதி பத்தொன்பது வாக்குகளால் வென்றார். திரும்பிய வீடுகள் அதற்குப் பிறகு பழையபடி திரும்பவில்லை. தை மாதம் நகரசபை கடிதம் அனுப்பியது: எந்தக் கதவு தெருவைப் பார்க்கிறதோ அதில் வீட்டிலக்கத்தை ஒட்டவேண்டும். எல்லோரும் குசினிக் கதவில் ஒட்டினார்கள். விருந்தாளிகளும் குசினிக்குள்தான் வந்தார்கள், அங்கேயே உட்கார்ந்தார்கள். சோபாக்களை மூன்று நான்கு வீட்டார் விற்றுவிட்டார்கள்.

குணரத்தினத்தின் வாசற்கதவு இப்போது பின்வளவைப் பார்த்தது. வேலிக்கு அப்பால் இன்னொரு வீடு. அதில் தனியாக இருந்த கிரேக்க நாட்டு மூதாட்டியின் பேர் இருபத்திரண்டு வருடமாக அவர்களுக்குத் தெரியாது. பனி கொட்டிய ஒரு காலை, அந்த அம்மா தன் குசினி யன்னலில் நின்று கை காட்டினார். ஞானாம்பிகையும் கை காட்டினார். அன்று பின்னேரம் குணரத்தினம் பனி அள்ளும் சவலை எடுத்து, வாசலில் இருந்து வேலிவரை இடுப்பளவு பனியை வெட்டி ஒதுக்கினார். வேலியில் இரண்டு பலகைகளைக் கழற்றினார். கோப்பி தயாராக இருக்கிறது என்று அந்த அம்மா பிரெஞ்சில் கூப்பிட்டார். குணரத்தினம் "வாரும்" என்று மனைவிக்குச் சொல்லி, வழியில் வழுக்கும் என்பதால் கையை நீட்டினார். தபால்காரரும் அந்தக் கிழமையில் இருந்து அந்த வழியாலேயே வந்துபோகத் தொடங்கினார்.