கை நனையாத வீடு

ஆக்லாந்தின் லின்ஃபீல்டில் சிவனேசனின் வீட்டுக்குள் இருக்கும்போது மட்டும் அவருடைய அக்கா இராசமலரின் வலக்கை நனைவதில்லை. குழாயைத் திறந்து கையை நீட்டினால் தண்ணீர் விரல்களைத் தொடாமல் இரண்டாகப் பிரிந்து கீழே போய்விடும். இடக்கை வழக்கம்போல நனையும். வாசலைத் தாண்டிக் கார் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டால் வலக்கையும் நனையும். ஆக்லாந்து மழைக்கு அந்தக் கையோடு எந்தப் பிணக்கும் இருந்ததில்லை. முதல்முறை இது நடந்தபோது ஒரு பிளம்பர் வந்து குழாயின் வாஷரை மாற்றினார், தண்ணீர் அழுத்தம் சரியாகத்தான் இருக்கிறது என்றார், தன் கையை நீட்டி நனைத்துக் காட்டிவிட்டுப் போனார். அதோடு அந்த விசாரணை முடிந்தது.

காரணம் யாருக்கும் தெரியாததல்ல. லண்டனில் அக்கா வீட்டில் வளர்ந்த சிவனேசன், கம்ப்யூட்டர் வேலைக்காக ஆக்லாந்து வந்த இரண்டாவது வருஷம், இங்கே நர்ஸாக இருந்த கிளாராவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். கிளாரா மலேசியாவில் கிள்ளான்காரி, கிறிஸ்தவப் பெண். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று சிவனேசன் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள், லண்டன் கோயிலில் அன்னதான வரிசையில் நின்ற யாரோ ஒருத்தி, "தம்பிக்குக் கலியாணம் முடிஞ்சுதாமே" என்று இராசமலரிடம் கேட்டுவிட்டாள். கையில் தட்டோடு நின்றபடிதான் அவர் அதை அறிந்துகொண்டார். அன்று பின்னேரம் தொலைபேசியில் தம்பியிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "இனி உன்ர வீட்டில நான் கை நனைக்கமாட்டன்."

நம்மவர்கள் கோபத்தில் சொல்வதுதான். உன் வீட்டில் சாப்பிடமாட்டேன் என்பதைத்தான் இப்படிச் சொல்வார்கள். சொன்னவர்கள் இரண்டு வருஷத்தில் ஒரு கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ சத்தமில்லாமல் கையை நனைத்துவிட்டுச் சொன்னதை மறந்துபோவார்கள். இந்த முறை தண்ணீர் அந்தப் பேச்சைக் காதில் வாங்கிவிட்டது. சிவனேசன் த்ரீ கிங்ஸில் வாடகைக்கு இருந்தபோது அங்கே நனையவில்லை. மார்ட்கேஜ் கிடைத்து லின்ஃபீல்டுக்கு வந்தபோது கட்டில் பீரோவோடு அதுவும் வந்து சேர்ந்தது.

இராசமலர் வராமல் இருந்தார் என்றில்லை. மகன் அனுஷன் பிளாட் புஷ்ஷில் இருந்ததால் மூன்று முறை ஆக்லாந்து வந்தார். மூன்று முறையும் தம்பி வீட்டுக்கு வந்து, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, தம்பி மகள் அஞ்சனாவை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, பசியோடு எழுந்து போனார். கிளாராவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. சிவனேசன் ஒவ்வொரு முறையும், "அக்கா, சாப்பிடுறீங்களோ?" என்று கேட்டார். "வேண்டாம்" என்பார் அவர். "ஓகே அக்கா" என்பார் இவர். பதின்மூன்று வயதிலிருந்து அந்த அக்கா கையால் சாப்பிட்டு வளர்ந்த ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய துக்கம் என்பதை இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை. அக்காவின் கார் போனதும் அவர் போய்ப் புல் வெட்டுவார். வெட்டிய புல்லையே திரும்பவும் வெட்டுவார்.

2023 நவம்பரில் அனுஷன் செய்தி சொன்னான். அம்மா டிசம்பரில் வருகிறார், முழங்காலும் இருதயமும் இருக்கிற நிலையில் இதுதான் கடைசிப் பயணமாக இருக்கும். சிவனேசன் போனை வைத்துவிட்டு மனைவியிடம், "ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போனா எனக்குப் போதும்" என்றார்.

கிளாரா காரியக்காரி. மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல அந்தச் சபதத்தை வார்த்தை வார்த்தையாகப் படித்துப் பார்த்தாள். கை நனைக்கமாட்டேன் என்றுதானே சொல்லியிருக்கிறார்? உலகத்தில் கை நனையாமல் சாப்பிடுகிற கூட்டமும் உண்டே, வெள்ளைக்காரர்கள். அதிலும் அவர்கள் கிறிஸ்துமஸுக்கு வைக்கும் பஃபே இருக்கிறதே, அதில் முள்ளுக்கரண்டி உண்டு, பரிமாற ஆள் கிடையாது, சாப்பிடு என்று யாரும் சொல்வதும் கிடையாது. கூப்பிடாத பந்தியில் மறுப்பதற்கும் ஒன்றும் இல்லை. தட்டு கிடக்கும், பண்டம் கிடக்கும், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். இராசமலரும் லண்டனில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். திருநீறு பூசிய நெற்றியோடு ஒவ்வொரு டிசம்பர் 25ஆம் தேதியும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அசல் இங்கிலீஷ் பஃபே வைத்தவர். ஆகவே அதையே அவருக்கு வைப்பது என்று கிளாரா முடிவு செய்தாள்.

திட்டமிட மூன்று வாரம் பிடித்தது. கிளாராவுக்குத் தெரிந்த கிறிஸ்துமஸ், கோழிக் கறியும் நெய்ச்சோறும் முறுக்கும் செய்து கதவைத் திறந்துவைத்துத் தெருவில் போகிறவனையும் உள்ளே இழுப்பது. இது வேறு விதம். சிவனேசன் நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். நடுவில் இன்னொரு சிக்கல் வந்தது. அந்த வருஷம் திருவெம்பாவை பத்து நாளும் கிறிஸ்துமஸின் மேலேயே விழுந்திருந்தது, இராசமலர் விரதம், இறைச்சி தொடமாட்டார். மேசையின் இடது பாதி முழுக்க மரக்கறி என்று முடிவாயிற்று: கச்சான் கடலையும் முந்திரியும் அரைத்துச் சுட்ட நட் ரோஸ்ட், வாத்துக் கொழுப்பில் அல்லாமல் எண்ணெயில் பொரித்த முழு உருளைக்கிழங்கு, குட்டி முட்டைக்கோஸ் போன்ற ஸ்ப்ரவுட்ஸ், வெங்காய கிரேவி, ஜெலட்டினுக்குப் பதில் கடற்பாசி போட்ட ஜெல்லி. வலது பாதியில் வான்கோழி, ஹாம், மின்ஸ் பை இருபத்துநாலு. எந்தத் தட்டில் எந்தக் கரண்டி என்பதுவரை கிளாரா படம் வரைந்து வைத்தாள்.

நியூசிலாந்தில் மின்ஸ் பை என்றால் கொத்திறைச்சி வைத்த பை. பெட்ரோல் பங்கிலும் டெய்ரி என்ற மூலைக்கடையிலும் சூடாக விற்பார்கள். இங்கிலாந்தில் அதே பெயருக்குள் உலர்திராட்சையும் ஆப்பிளும் சர்க்கரையும் இருக்கும், இறைச்சி மருந்துக்கும் இருக்காது. இரண்டு நாட்டிலும் வாழ்ந்த சிவனேசன் இதைச் சொல்லியிருக்க வேண்டும். பெயரைச் சொன்னார், விளக்கத்தைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது அவருக்குப் புதிதல்ல. கிளாரா நல்ல ஆட்டிறைச்சி வாங்கி, கொத்தி, கறிவேப்பிலையும் பட்டையும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டாள்.

கிறிஸ்துமஸ் அன்று வெயில் இருபத்தாறு டிகிரி. பக்கத்து வீட்டில் அரைக்கால் சட்டையோடு பார்பெக்யூ போட்டுக்கொண்டிருந்தார்கள். கிளாரா அடுப்பின் முன்னால் வியர்த்து நின்றபடி கடைசி உத்தரவைப் போட்டாள்: யாரும் அக்காவைச் சாப்பிடச் சொல்லக் கூடாது, தட்டை நீட்டக் கூடாது, அவர் பக்கம் பார்க்கவும் கூடாது. சிவனேசன் சரி என்றார்.

இராசமலர் அனுஷனோடு பன்னிரண்டரைக்கு வந்தார். மேசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். ஒரு தட்டை எடுத்துக்கொண்டார். ஆனால் தட்டை எடுத்தவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எல்லோரும் எடுத்தார்கள், உட்கார்ந்தார்கள், வான்கோழி மென்மையாக இருப்பதாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார்கள். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. திட்டம் அவ்வளவு ஒழுங்காக நடந்தது. இருபத்தைந்து நிமிஷம் வெறுந்தட்டோடு நின்ற அந்த முகத்தை முதலில் பார்த்தது ஒன்பது வயது அஞ்சனாதான். "மம், மாமி இஸ் நாட் ஈட்டிங்" என்றாள். கிளாரா அவள் தொடையைக் கிள்ளினாள்.

பிறகு இராசமலர் நகர்ந்தார். மின்ஸ் பை இறைச்சிப் பக்கம் இருப்பதைக் கண்டு, பாவம் தெரியாமல் மாற்றி வைத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒன்றை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனவரின் மூக்கில் கறிவேப்பிலை ஏறியது. அதைத் தட்டில் வைத்து, முள்ளுக்கரண்டியால் இரண்டாகப் பிளந்து, உள்ளே பார்த்தார். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் தம்பி மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"கிளாரா. இதென்ன?"

"மின்ஸ் பை, அக்கா."

"மின்ஸ் பைக்குள்ள ஆட்டிறைச்சியோ?"

"இங்க அப்படித்தான் அக்கா. டெய்ரியிலகூட இதான் விக்கிறாங்க."

"இருபத்திரண்டு வருஷம் பிள்ளையளுக்கு அவிச்சுக் குடுத்தவள் நான். நீர் என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

இதற்குக் கிளாரா தயாராக இல்லை. அவள் வரைந்த படத்தில் இந்தக் கேள்வி இல்லை. "கேக்கணும்னுதான் இருந்துச்சு, அக்கா. பயமா இருந்துச்சு" என்று சொல்லி, கையிலிருந்த கிரேவிக் கிண்ணத்தோடு அழத் தொடங்கினாள்.

"ஆரும் ஒண்டும் கேக்கிறதில்லை இந்த வீட்டில" என்றார் இராசமலர். அதைத் தம்பியைப் பார்த்துத்தான் சொன்னார். "கலியாணம் கட்டேக்கையும் கேக்கேல்லை, இண்டைக்கும் கேக்கேல்லை. வெறுந்தட்டோட நிக்கிறன், எல்லாரும் தின்னுறியள்."

"கேட்டனான்தானே அக்கா. வந்த நேரமெல்லாம் கேட்டனான். நீங்கள்தான் வேண்டாம் எண்டனீங்கள்."

"ஓம், ஒருதரம் கேட்டனி. வேண்டாம் எண்டா விட்டிடுறதோ? ரெண்டாந்தரம் கேட்டனியோ? ஆரடா முதல் கேட்டவுடன சாப்பிடுறது?"

அறையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. லண்டனில் வளர்ந்த சிவனேசன், ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு படித்துவிட்டார். அக்கா கற்ற மரியாதை வேறு: முதல் முறை மறுக்க வேண்டும், இரண்டாம் முறை தயங்க வேண்டும், மூன்றாம் முறை, சரி இவ்வளவு சொல்கிறீர்கள் என்று உட்கார வேண்டும். அந்த இரண்டாம் முறைக்காக அவர் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தார். அது அவ்வளவு சின்ன விஷயம்தான். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை.

கிளாரா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா, சாப்பிடுங்க."

"வேண்டாம்" என்றார் இராசமலர், முறைப்படி.

"சாப்பிடுங்க அக்கா. உருளைக்கிழங்கு உங்களுக்குன்னுதான் தனியா எண்ணெயில செஞ்சேன்."

"எனக்குப் பசியில்லை."

மூன்றாம் முறை சிவனேசன் கேட்டார். வார்த்தை சரியாக வரவில்லை, "அக்கா" என்பது மட்டும் வந்தது. அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

இராசமலர் உட்கார்ந்தார். கிளாரா முள்ளுக்கரண்டியை நீட்டினாள். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, வலக்கையால் உருளைக்கிழங்கைப் பிசைந்து, நட் ரோஸ்டோடு கிரேவியைக் குழைத்துச் சாப்பிட்டார். கிரேவி கிழங்கில் பிடித்தது, விரல்களில் பிடிக்கவில்லை. இரண்டாம் முறையும் போடச் சொன்னார். நடுவில் தலையை நிமிர்த்தி, "கை நனைக்கமாட்டன் எண்டுதான் சொன்னனான். சாப்பிடமாட்டன் எண்டு நான் எப்ப சொன்னனான்?" என்று கேட்டார். அதே வாதத்தில் திட்டம் போட்டிருந்த கிளாரா அவர் தட்டில் இன்னொரு கிழங்கை வைத்தாள். சிவனேசன் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் அழுதுவிட்டு வந்தார்.

கடைசிப் பயணம் என்று அனுஷன் சொன்ன இராசமலர் அதற்கடுத்த டிசம்பரும் வந்தார், அதற்கடுத்ததும் வந்தார். முழங்கால் பற்றி விசாரித்தவர்களிடம் அது தன் முழங்கால் என்று பதில் சொன்னார். இப்போது மின்ஸ் பை அவர் பொறுப்பு. மாவுக்கு ஈரமும் சூடும் இல்லாத கைதான் வேண்டும் என்பார்கள், அந்த வீட்டில் அவர் கைக்கு நிகரான கை கிடையாது. பை உடைந்தால் தாள் தாளாக உதிர்கிறது. திராட்சை பை ஒரு தட்டு, கிளாராவின் ஆட்டிறைச்சி பை ஒரு தட்டு. யாரையும் மூன்று முறை கேட்காமல் பந்தி தொடங்குவதில்லை. அஞ்சனாகூட, "மாமி, ப்ளீஸ் ஈட், ப்ளீஸ் ஈட், ப்ளீஸ் ஈட்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறாள்.

கை மட்டும் இன்னும் நனைவதில்லை. சாப்பிட்டு முடித்ததும் இராசமலர் வழக்கத்தை விடாமல் குழாயைத் திறந்து கையை நீட்டுகிறார், தண்ணீர் விலகிப் போகிறது, உலர்ந்த கையைத் துவாயில் துடைத்துக்கொண்டு வந்து உட்காருகிறார். அவர் அந்தச் சொல்லை எப்போதோ விட்டுவிட்டார். தண்ணீர்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதை யாரும் வற்புறுத்துவதில்லை.